மயிலாப்பூர்ப் புட்டும் மலாய்க்காரர்களின் புத்துவும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாலை நேரக் கடைகளில் விற்கப்படும் 'புத்து பிரிங்' என்னும் பலகாரம், ஈரம் தெளித்துச் சலித்த அரிசி மாவைச் சிறு கூம்பு அச்சில் இட்டு, நடுவில் தென்னங்கருப்பட்டியை வைத்து, மேலே மீண்டும் மாவைத் தூவி, மெல்லிய துணியால் சுற்றிச் சில நிமிடங்கள் ஆவியில் வேகவைத்து எடுப்பதாகும். 'பிரிங்' என்ற மலாய்ச் சொல்லுக்குச் சிறு தட்டு என்று பொருள். அங்கே 'குலா மலாக்கா' என்று வழங்கும் கருப்பட்டி ஆவியின் சூட்டில் உருகி மாவுக்குள் தேங்கி நிற்க, பக்கத்தில் உப்பிட்ட தேங்காய்த் துருவலோடு வாழையிலைத் துண்டிலோ தாழையினத்தைச் சேர்ந்த பாண்டான் இலையிலோ வைத்துக் கொடுப்பார்கள். பெயரின் முற்பகுதியாகிய 'புத்து', தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் புட்டு என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பெயர் எந்த வடிவில், எந்தப் பொருளோடு கடல் கடந்தது என்று பார்க்கத் தொடங்கினால், சென்னையில் இன்று புட்டு என்ற சொல் எவ்வளவு சுருங்கிப் போயிருக்கிறது என்பது தெரியவரும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் புட்டு இருவேறு வாழ்க்கை வாழ்கிறது. ஒன்று நவராத்திரி வெள்ளிக்கிழமையின் புட்டு. வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைக் கடைகள் நிரம்பும் அந்தப் பத்து நாட்களில் மற்ற நாட்களுக்குச் சுண்டல் என்றால், வெள்ளிக்கிழமைக்கு வெல்லப் புட்டு என்பது பல வீடுகளின் மாறாத வழக்கம். பெண் பூப்பெய்திய வீட்டில் புட்டு அவித்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. மற்றொன்று கேரள உணவகங்களில் கடலைக் கறியோடு வரும் குழாய்ப் புட்டு. தியாகராய நகரின் பாத்திரக் கடைகளில் பிரஷர் குக்கரின் ஆவித் துளையில் பொருத்தும் புட்டுக் குழல் கிடைக்கிறது, மளிகைக் கடைகளில் நிறபறா, டபுள் ஹார்ஸ் போன்ற கேரள நிறுவனங்களின் புட்டுப்பொடி கிடைக்கிறது. இந்த இரண்டாவது வாழ்க்கை கண்ணில் அதிகம் படுவதாலோ என்னவோ, புட்டு என்றாலே மலையாளிகளின் காலைச் சிற்றுண்டி என்றும், இட்லியே நமது என்றும் எண்ணும் தலைமுறை நகரத்தில் வளர்ந்துவிட்டது. சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சிவப்பரிசிப் புட்டும் கேழ்வரகுப் புட்டும் இடியாப்பமும் விற்றுச் செல்பவர் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. சேர்த்திருந்தால் மலாய்ப் புத்துவின் கதை பாதி விளங்கியிருக்கும்.

இலக்கியச் சான்றுகளைப் பொறுத்தவரை தமிழகத்தில் புட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோரை வரிசைப்படுத்தும் இடத்தில் காழியர், கூவியர் என்று இரு பிரிவினர் வருகின்றனர். பழைய உரை காழியரைப் பிட்டு வாணிகர் என்றும் கூவியரை அப்ப வாணிகர் என்றும் விளக்குகிறது. உரை நூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பதால், உரையாசிரியர் காலத்திலாவது பிட்டு விற்பது தனித் தொழிலாக அறியப்பட்டிருந்தது என்ற அளவில்தான் இந்தச் சான்றைக் கொள்ள வேண்டும், அதுவே போதுமானது. அடியார்க்குநல்லார் உரையுடன் இந்நூலை 1892இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல் நிலையத்தில் இருக்கின்றன.

மதுரையின் சான்று இன்னும் வலுவானது. வையை பெருக்கெடுத்தபோது கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத வந்தி என்ற பிட்டு விற்கும் மூதாட்டிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று, வேலையில் விளையாடியதற்காகப் பாண்டியனின் பிரம்படி பட்டார் என்பது திருவிளையாடற் புராணக் கதை. பரஞ்சோதி முனிவரின் நூலிலுள்ள 64 திருவிளையாடல்களில் இது 61ஆவது. மாணிக்கவாசகரே பிட்டுக்காக மண் சுமந்த செய்தியைத் திருவாசகத்தில் குறிப்பிடுவதால், கதை புராணம் எழுதப்பட்ட காலத்துக்கு மிகவும் முற்பட்டது என்பது உறுதி. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரைப் புட்டுத்தோப்பில் இந்நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டிய உணவுச் செய்தி ஒன்று உண்டு. உதிர்ந்ததைக் கூலியாகப் பேசிக்கொள்வது பொருள்படுவதற்கு, விற்பனைக்குரிய பிட்டு உதிராமல் ஒரு வடிவத்தில் நின்றிருக்க வேண்டும். அதாவது வந்தி அவித்தது மயிலாப்பூர் நவராத்திரிப் புட்டைப் போல் பொலபொலவென்று உதிர்த்த மாவு அன்று. அச்சிலோ கலத்திலோ வார்த்து முழுதாக எடுத்த ஒன்று. அந்த வகையில் வந்தியின் பிட்டுக்கு மயிலாப்பூர்ப் புட்டைவிடச் சிங்கப்பூரின் புத்து பிரிங் நெருங்கிய உறவு.

பெயரின் வேரைப் பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, பிட்டு என்பதை அரைக்கப்பட்டது, மாவு என்று பொருள்படும் 'பிஷ்ட' என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துகிறது. பாலி மொழியில் மாவைக் குறிக்கும் 'பிட்ட' என்ற சொல் ஓசையில் தமிழுக்கு இன்னும் அருகில் நிற்கிறது. வங்காளம், ஒடிசா, அசாம் ஆகிய பகுதிகளில் அரிசி மாவுப் பலகாரங்களுக்குப் பொதுப் பெயராக விளங்கும் 'பிட்டா' என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. வங்கத்தில் குளிர்காலத்தில் விற்கும் 'பாபா பிட்டா', அரிசி மாவின் நடுவில் வெல்லமும் தேங்காயும் வைத்துத் துணியில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. புத்து பிரிங்கை அறிந்தவர் அதைப் பார்த்தால் ஊர் மாறிவிட்டதோ என்று திகைப்பார். மற்றொரு கருத்து, பிளத்தல் என்பதற்கு அடியான 'பிள்' என்ற வேரிலிருந்து, பிட்டுத் தின்னப்படுவது பிட்டு என்று கொள்வது. ஒரு செய்தியை ஒன்றும் விடாமல் விவரிப்பதைப் 'புட்டுப் புட்டு வைத்தான்' என்று பேச்சில் சொல்வதுண்டு. உதிர்த்துக் காட்டுதல் என்ற பொருள் தமிழர் மனத்தில் இச்சொல்லோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி.

இவ்விரண்டில் எது ஏற்கத்தக்கது என்பதைத் தமிழகத்துக்கு வெளியே உள்ள வழக்குகளைக் கொண்டு ஓரளவு தீர்மானிக்க முடியும். கேரளத்தின் வடபகுதியில் இடியாப்பத்துக்கு 'நூல்புட்டு' என்று பெயர். குடகில் புட்டு என்பது அரிசியை ஆவியில் வேகவைத்த எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்: உருண்டையாகப் பிடித்தது கடம்புட்டு, பால் சேர்த்துத் தட்டில் அவித்தது பாபுட்டு, நூலாகப் பிழிந்தது நூபுட்டு. இடியாப்பத்தில் உதிர்வதற்கு என்ன இருக்கிறது? உதிர்வது என்பதுதான் சொல்லின் முதற்பொருள் என்றால், பிசைந்து பிழிந்த இழைக்கும் பிடித்த உருண்டைக்கும் அப்பெயர் போயிருக்காது. மாவு என்பது முதற்பொருள் என்றால் மூன்றுக்கும் பொருந்தும். எனவே 'மாவால் ஆனது' என்ற பொதுப்பொருளே பழையது, 'உதிர்ந்து நிற்பது' என்ற சிறப்புப்பொருள் தமிழ்நாட்டில் பின்னர் படிந்தது என்று கொள்வதே தகும். வடசொல் வேரைச் சுட்டுவதால் பலகாரமே வடக்கிலிருந்து வந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. பெயரும் பண்டமும் எப்போதும் ஒரே வண்டியில் பயணம் செய்வதில்லை.

மலாய் உலகம் வாங்கிக்கொண்டது இந்தப் பழைய, அகன்ற பொருளை. அங்கே 'புத்து' என்ற தலைப்பெயரின் கீழ் பலகாரங்கள் அடைமொழிகளால் பிரிக்கப்படுகின்றன. மூங்கில் குழலில் அவிப்பது புத்து பம்பு. சிறு தட்டுப் போன்ற அச்சில் அவிப்பது புத்து பிரிங். தமிழர் இடியாப்பம் என்று சொல்வது புத்து மாயம். இந்தோனேசியாவில் இந்தக் கடைசிப் பண்டத்தைப் 'புத்து மயாங்' என்பார்கள். 'மயாங்' என்பது பாளையிலிருந்து வெளிப்படும் தென்னை, கமுகு வகை மரங்களின் பூங்கொத்து, அதன் இழைகளோடு பிழிந்த மாவிழைகளை ஒப்பிட்டால் பெயரின் அழகு புரியும். சிங்கப்பூரில் புத்து மாயத்தைத் தேங்காய்த் துருவலோடும் செம்மஞ்சள் நிறச் சர்க்கரையோடும் கொடுப்பார்கள். பல பத்தாண்டுகளாக அதைத் தெருத்தெருவாக விற்றவர்கள் தமிழர்களே. சென்னையில் இருந்து செல்லும் பயணி இடியாப்பத்தைப் பார்த்து 'இதை ஏன் புட்டு என்கிறார்கள், தெரியாமல் சொல்கிறார்கள்' என்று சிரிப்பதுண்டு. சிரிப்புக்கு இடமில்லை. நூல்புட்டு என்ற வழக்கைச் சென்னைதான் மறந்தது.

சொல்லின் ஓசை இன்னொரு செய்தியைச் சொல்கிறது. அகராதியின் தலைச்சொல் பிட்டு; பேச்சில் அது புட்டு. உதட்டில் பிறக்கும் பகர வகரங்களுக்கும் நாவை மடித்து ஒலிக்கும் டகர ளகரங்களுக்கும் இடையில் சிக்கிய இகரம் உகரமாகத் திரிவது தமிழ்ப் பேச்சில் பரவலாகக் காணப்படுவது. பிடி 'புடி' ஆவதும் பிள்ளை 'புள்ளை' ஆவதும் அதே விதியால்தான். சிங்களம் 'பிட்டு' என்று இகரத்தைக் காத்திருக்க, மலாய் உகரத்தைக் கொண்டிருக்கிறது. ஆகவே மலாய்க்குச் சென்றது ஏட்டில் எழுதிய வடிவம் அன்று, துறைமுகத்தில் காதால் கேட்ட வடிவம். மலாயில் இரட்டித்த மெய் இல்லாததால் அப்பம் 'அபம்' ஆனது, கப்பல் 'கபல்' ஆனது, கட்டில் 'காதில்' ஆனது. அதே முறையில் புட்டும் ஒற்றை மெய்யோடு நின்றது. ஆனால் சாவக (ஜாவா) மொழியில் டகரம் போன்ற நாமடி ஒலி தனியாக உண்டு. அம்மொழியில் பல்லொலியோடு 'புத்து' என்றால் பேரக்குழந்தை, நாமடி ஒலியோடு சொன்னால் பலகாரம். தமிழின் டகரம் சாவகத்தில் பிழைத்துக்கிடப்பது மொழி நூலார்க்கு விருந்து. பேரனை ஆவியில் வேகவைத்து விடாமல் இருக்கச் சாவகர்களுக்கும் அது பயன்படுகிறது.

இவ்வளவும் எப்போது நடந்தது? மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் பெருவாரியாகச் சென்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆனால் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் சாவகத்தில் தொகுக்கப்பட்ட 'செரத் செந்தினி' என்ற பெருநூலிலேயே இப்பலகாரம் இடம்பெற்றுவிட்டது. தமிழ்த் தொழிலாளர் குடியேற்றமே நிகழாத பிலிப்பைன்ஸில் ஆவியில் வேகும் அரிசிப் பலகாரங்கள் பலவற்றுக்குப் 'புத்தோ' என்று பெயர். அவற்றில் மூங்கில் குழலில் அவிக்கும் ஊதா நிறப் 'புத்தோ பும்போங்' கிறிஸ்துமஸ் காலத்துக்கு உரியது. எனவே சொல்லின் பயணம் தோட்டத் தொழிலாளர்களுக்கு முற்பட்ட வணிகர் காலத்தைச் சேர்ந்தது என்று கொள்ள வேண்டும். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்ராவின் பாரூஸில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூரும் இந்தத் தொடர்புக்கு வெளியே நிற்கவில்லை. பழங்காலத்திலேயே துறைமுகமாக இருந்த அவ்வூரில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோம் குடியிருப்பை அமைத்த பிறகு, அங்கிருந்து மலாக்காவுக்குத் துணிமூட்டைகள் ஏற்றிய கப்பல்கள் சென்றுவந்தன. மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தோர் இன்று மலாய் பேசிக்கொண்டு சிவனையும் அம்மனையும் வழிபடும் மலாக்காச் செட்டிகளாக வாழ்கிறார்கள்.

இட்லியின் பிறப்பு குறித்து நகரத்தில் நடக்கும் விவாதம் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா, மாவைப் புளிக்கவைத்து அவிக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்ற ஊகத்தை முன்வைத்தார். 920 அளவில் எழுதப்பட்ட வட்டாராதனை என்ற கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் இருந்தாலும், அதில் அரிசியும் புளிப்பும் இருந்ததற்குக் குறிப்பில்லை என்பதே அவருடைய வாதத்தின் அடிப்படை. இட்லி அங்கிருந்து இங்கே வந்தது என்பதற்கு ஊகம்தான் உண்டு. புட்டு இங்கிருந்து அங்கே சென்றது என்பதற்குப் பெயரே கையில் இருக்கிறது. ஆயினும் முன்னதைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், பின்னதைப் பற்றிப் பேச ஆளில்லை. மூங்கிலில் அரிசி சமைப்பது தென்கிழக்காசியா முழுவதும் தொன்றுதொட்டு இருந்துவந்த பழக்கம் என்பதால், புட்டின் பெயர் இங்கிருந்து சென்றாலும் அதை அவிக்கும் கருவி அங்கே முன்பே இருந்திருக்கலாம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

செய்முறையில் உள்ள நுட்பம் கடலின் இரு கரைகளிலும் ஒன்றே. அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, உப்பு நீரைத் தெளித்துப் பிசிற வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், இதுதான் பதம். தண்ணீர் கூடினால் மாவு களியாகி ஆவி ஊடுருவாது, குறைந்தால் மாவுச்சத்து வேகாமல் பச்சை வாடை வீசும். மணிமணியாக நிற்கும் மாவின் இடைவெளிகள் வழியாகத்தான் ஆவி மேலேறுகிறது. கேரளத்துக் குழாயில் இடையிடையே தேங்காய்த் துருவல் இடுவதும், யாழ்ப்பாணத்தில் பனையோலையால் முடைந்த கூம்பு வடிவ நீத்துப்பெட்டியில் மாவைத் தளர்வாகக் கொட்டி அவிப்பதும் அந்த வழியை அடைக்காமல் வைத்திருப்பதற்கே. இனிப்பைச் சேர்க்கும் நேரத்தில்தான் கரைகள் பிரிகின்றன. சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு மாவுச்சத்து வேகும் வெப்பநிலையை உயர்த்திவிடும் என்பதால், மயிலாப்பூர் வீடுகளில் மாவைத் தனியாக அவித்து உதிர்த்த பிறகே, உருட்டினால் கல்போல் நிற்கும் முற்றிய வெல்லப் பாகை ஊற்றிக் கிளறுகிறார்கள். சிறிது நேரத்தில் பாகு மாவில் ஏறி, புட்டு மணல்போல் உதிரும். புத்து பிரிங் செய்பவர் கருப்பட்டியை மாவோடு கலக்காமல் நடுவில் தனியாக அடைப்பதன் மூலம் அதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறார். முந்தையது இரண்டு மூன்று நாள் கெடாது. பிந்தையது ஆறிவிட்டால் இறுகிப் போகும்.

இலங்கையில் இந்தக் கதை ஒரு வட்டத்தை முடித்துக்கொண்டது. டச்சுக்காரர் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த இலங்கை மலாய்க்காரர்களின் சிறப்புணவாக இன்று சொல்லப்படுவது, ஆட்டுக் குடல் அல்லது மாட்டுக் குடல் குழம்போடு உண்ணும் 'பிட்டு பாபத்'. அவர்கள் அதைப் புத்து என்னாமல் பிட்டு என்றே சொல்வது, தாம் குடியேறிய தீவின் உச்சரிப்பை ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

சென்னையில் புட்டை மீட்டெடுக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தத் தேவையில்லை; அது எங்கும் போய்விடவில்லை. நவராத்திரியின் வெள்ளிக்கிழமையில் மட்டும் நினைவுக்கு வருவதை மற்ற வெள்ளிக்கிழமைகளிலும் அவித்தால் அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். புட்டு கேரளத்து உணவு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்தினால் நல்லது. சிங்கப்பூர் செல்லும் வாசகர்கள் கேலாங் சிராய், ஹேக் சாலைப் பக்கம் போனால் புத்து பிரிங் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கலாம். கட்டி எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போகாமல் கடை வாசலிலேயே, சூடு ஆறுவதற்குள், தேங்காய்த் துருவலைத் தொட்டு உண்ண வேண்டும்.